ஆறு மணி நடை

பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தை,

நான் தாமரை. உங்கள் தம்பி கமலநாதனின் மகள். உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டு வருடமாகப் பேசாததால் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பலகாரக் கடை நன்றாக நடக்கிறதா?

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவின் சாவு வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அம்மா உங்களைப் பார்த்து, "நீங்க ஊட்டுன லட்டுதான் என் புருஷனத் தின்னுச்சு" என்று கத்தியது என் காதிலேயே இருக்கிறது. நீங்கள் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போனீர்கள். அன்றைக்கே அம்மா உங்கள் எண்ணை இரண்டு போனிலும் தடுத்துவிட்டார். என் போனைத் தினமும் வாங்கிப் பார்ப்பார். அதனால்தான் காகிதம். உணவகத்தில் வேலை முடிந்து அவர் வருவதற்குள் எழுதி முடித்துவிடுவேன்.

அத்தை, என் வகுப்பில் ஒரு தோழி. படிவம் நான்கு. போன வாரம் பள்ளிக்குக் கிளினிக்கிலிருந்து தாதி மிஸ்ஸிகள் வந்து எல்லாரையும் எடை பார்த்தார்கள். சிலரை மட்டும் தனியாக நிறுத்தி விரலில் குத்தினார்கள். என் தோழிக்குச் சர்க்கரை பதிமூன்று; பதினொன்றைத் தாண்டினாலே இனிப்புநீராம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வா என்றார்கள். அவள் வீட்டில் சொல்லவில்லை. காலை வெட்டிவிடுவார்களா என்று கேட்கிறாள். உங்களுக்கும் இனிப்புநீர் இருப்பதால் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பதில் போடுவதாக இருந்தால் உறையின் பின்னால் உள்ள முகவரிக்குப் போடுங்கள். அது மாதவியின் வீடு, எங்கள் புளோக்கில் கீழ்மாடி. இனிப்புநீர் வந்தவள் மாதவி இல்லை.

பதில் வராவிட்டாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் வராது.

தாமரை


கிள்ளான்,
19 ஏப்ரல்

தாமரை கண்ணு,

நான் நல்லா இருக்கேன். கடையும் ஓடுது. ஜிலேபி சுத்துற கை, எழுத்தும் அப்படித்தான் சுத்தும். பொறுமையாப் படி. வீட்ல எல்லாரும் சுகமா? ஒன் அம்மாவையும் சேத்துத்தான் கேக்கறேன்.

கால வெட்ட மாட்டாங்கன்னு ஒன் தோழிகிட்ட சொல்லு. ஆரம்பத்துலயே புடிச்சிட்டா பயமில்ல. எனக்குப் பத்து வருஷமா இருக்கு, ரெண்டு காலும் ஒடம்புலதான் இருக்கு.

கிளினிக்ல எனக்கு ஒரு தட்டுப் படம் காட்டுனாங்க. சுக்கு சுக்கு செப்பாருன்னு மலாய்ல சொல்வாங்க. தட்டுல பாதிக்குக் காய், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ. அவ்வளவுதான். மிலோ வேணாம், சிரப் தண்ணி வேணாம். தே ஓ கோசோங், வெறுந்தேத்தண்ணி, பழகச் சொல்லு. பாலும் கெடையாது, சீனியும் கெடையாது, மொத வாரம் கசாயம் குடிக்கற மாதிரிதான் இருக்கும். என்னப் பாரு, நாள் பூரா சீனிப் பாகுல கைய விட்டுக்கிட்டு நாக்குல வைக்க முடியாது. பேங்க்ல வேலை செய்யறவன் மாதிரி பொழப்பு.

அப்புறம் நடக்கணும். அவளுக்குத் தனியா நடக்க வெக்கமா இருந்தா நீயும் கூட நட. நான் தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்துப் பூக்கடை வீரம்மாவ கடையப் பாத்துக்கச் சொல்லிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடப்பேன். வாசல்ல ஒரு பெஞ்சு இருக்கு. ஒக்காந்து, ஒங்க பக்கத்துலேருந்து வர்ற ரயிலப் பாத்துட்டுத் திரும்பிடுவேன். நீங்களும் அதே நேரத்துக்கு நடங்க. மூணு பேரும் சேந்து நடந்த மாதிரி இருக்கும்.

ஆனா கிளினிக் போகாம நடந்து பிரயோசனமில்ல. அவ அம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும். திட்டட்டும், பரவால்ல லா.

ஒன் தலையத் தடவுன மாதிரி நெனச்சுக்க.

அத்தை இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
4 மே

அன்புள்ள அத்தை,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்து மூன்று முறை படித்தேன்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு நடக்கிறோம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளைத் தாண்டி, மோனோரயில் தூண்களின் கீழாகப் போய், ஸ்காட் ரோடு கோயில் பக்கமாகத் திரும்புகிறோம். அந்த நேரத்தில் எல்லாரும் யாருடனாவது போகிறார்கள். வடை சட்டிப் பக்கம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு, இப்போது அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அப்போது கால் தானாகப் போகும்.

பள்ளிக் கேண்டீனில் என் தோழி, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை விட்டுவிட்டு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிடுகிறாள். "டயட் குயின் வந்துட்டா, வழி விடுங்கடி" என்று கத்துகிறார்கள். அவளும் சிரித்துவிடுகிறாள்.

ஆனால் வீட்டில்தான் கஷ்டம். அவளுடைய அம்மா உணவகத்தில் வேலை செய்கிறார். இரவு வரும்போது மிஞ்சிய பாயசத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவார். "ஒனக்குன்னு எடுத்து வச்சேன்" என்பார். நாள் முழுவதும் நின்ற கால் வீங்கியிருக்கும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் குளிக்கப் போனதும் பாதியைச் சிங்க்கில் ஊற்றிவிடுகிறாள். முந்திரி மட்டும் துளையில் சிக்கிக்கொள்ளும், கையால் எடுக்க வேண்டும். அவர் ஏற்கெனவே ஒருவரைப் பறிகொடுத்தவர். இதைச் சொன்னால் உடைந்துவிடுவார்.

அம்மா நலம். நீங்கள் கேட்டதாகச் சொல்ல முடியவில்லை.

உங்களோடு நடக்கும்,
தாமரை


கிள்ளான்,
1 ஜூன்

தாமரை கண்ணு,

சுகந்தானே? பதில் போட நாளாயிடுச்சு. கோவில் திருவிழா ஆர்டரு, மூச்சு விட நேரமில்ல.

ஒரு கூத்து கேளு. போன வாரம் பாகு எறக்கும்போது கரண்டி தவறி எடது கால் மேல கொட்டிடுச்சு. கம்பிப் பதத்துல கொதிச்ச பாகு. வீரம்மா "ஐயோ"ன்னு கத்துறா, நான் என்னடி சத்தம்னு கேக்கறேன். எனக்குச் சுடவே இல்ல. "ஒனக்குக் காலா இரும்பா?"ன்னு கேட்டா. "இரும்புதான், எடைக்குப் போட்டா நல்ல வெல கெடைக்கும்"னேன். லேசாக் கொப்புளம். மஞ்சள் வச்சிருக்கேன்.

ஒன் தோழி பாயசத்தக் கீழ ஊத்தறது சரிதான். ஆனா எத்தன நாளைக்கு ஊத்துவா? அவ அம்மா ஒடஞ்சிட மாட்டாங்க. புருஷன் போயும் மறுவாரம் வேலைக்குப் போன பொம்பள.

சாப்பாட்ட மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு. பட்டினி கெடந்தா மயக்கம் வரும்.

ஸ்டேஷன் பெஞ்சு அப்படியேதான் இருக்கு.

அத்தை


பிரிக்பீல்ட்ஸ்,
22 ஜூன்

அன்புள்ள அத்தை,

உடம்பு எப்படி என்று வழக்கமாகக் கேட்பேன். இந்த முறை கால் எப்படி என்று கேட்கிறேன்.

சுடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா ஒரு நாள் பசாருக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவே இல்லை. நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். பிறகு பார்த்தால் கால்விரலில் கண்ணாடித்துண்டு. அதுவும் இடது கால்தான். சிரித்ததற்காக அம்மா இன்னும் அழுகிறார்.

தயவுசெய்து கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் போதாது. கொப்புளத்தோடு நடக்கலாமா என்றும் கேளுங்கள். நடக்கக் கூடாது என்று சொன்னால் நடக்காதீர்கள். நான் சமாளித்துக்கொள்வேன்.

உண்மையைச் சொன்னால், சமாளிப்பேனா என்று தெரியவில்லை.

தாமரை


கிள்ளான்,
20 ஜூலை

தாமரை கண்ணு,

நல்லா இருக்கேன், நீயும் அப்படியே இருக்கணும். இங்க சாயங்காலத்துல மழை புடிச்சிக்குது. கொடையோட நடக்கறேன். நேத்து பெஞ்சு நனஞ்சிருந்துச்சு, முந்தானையால தொடச்சிட்டு ஒக்காந்தேன். பக்கத்துல ஒரு பூன, அதுக்கும் ஒக்கார எடம் வேணுமாம். ரயில் வந்துச்சு. பள்ளிக்கூட பிள்ளைங்க எறங்குச்சு. அதுல ஒண்ணு ஒன்ன மாதிரியே ரெட்டச் சட போட்டிருந்துச்சு.

ஒன் தோழி நடக்கறத விடாம பாத்துக்க. மாத்திர குடுப்பாங்களோ, சாப்பாட்டுலயே அடங்குமோ, அது டாக்டர்தான் சொல்லணும். மறுபடி எழுதறேன், அம்மாகிட்ட சொல்லச் சொல்லு.

மழையில நனையாத.

அத்தை


பிரிக்பீல்ட்ஸ்,
14 செப்டம்பர்

அன்புள்ள அத்தை,

நலமா? மாதவி வீட்டுத் தபால் பெட்டியைத் தினமும் பார்க்கிறேன். மின்சாரக் கட்டணம் மட்டும்தான் வருகிறது. "யாருடி அது, காதலனா?" என்று மாதவி கேட்கிறாள். "ஆமா, கிள்ளான்ல லட்டு பிடிக்கிறாரு" என்றேன்.

காலைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

என் தோழி மெலிந்துவிட்டாள். பள்ளிச் சீருடை தொளதொள என்று இருக்கிறது. நடப்பதால் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். இப்போது எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை. பாடத்தில் எழுத்துகள் மங்குகின்றன. நடப்பதை மட்டும் விடவில்லை. பாதியில் திரும்பிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம், அங்கே அத்தை இன்னும் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், தனியாக விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறாள்.

வரும் சனிக்கிழமையும் ஆறு மணிக்கு ஸ்டேஷன் வரை போவீர்கள்தானே?

தாமரை


கிள்ளான்,
20 செப்டம்பர், சனிக்கிழமை சாயங்காலம்

தாமரை கண்ணு,

இப்பதான் நடந்துட்டு வந்து ஒக்கார்றேன். கேட்டிருந்தியேன்னு ஒடனே எழுதறேன். வானம் நல்லா வெளுத்திருந்துச்சு. தெங்கு கிளானா சாலையில தீபாவளிக்கு விளக்கு கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஸ்டேஷன் வாசல் பெஞ்சுல ரொம்ப நேரம் ஒக்காந்தேன். யாரும் இல்ல, நானும் அந்தப் பூனையுந்தான். ரயில் வந்துச்சு, போச்சு. ஒன்ன நெனச்சுக்கிட்டேன்.

ஒன் தோழி மெலிஞ்சிட்டான்னு எழுதியிருக்க. அது நல்லதில்ல, தாமரை. தாகம், கண் மங்கல், இதெல்லாம் சக்கர ஏறிக்கிட்டே போறதுக்கு அடையாளம். நடந்து சரியாகற கட்டம் இது இல்ல. நாளைக்கே அவ அம்மாகிட்ட சொல்லணும். நாளைக்கே.

அத்தை


பிரிக்பீல்ட்ஸ்,
24 செப்டம்பர்

அத்தை,

சனிக்கிழமை அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன்.

உங்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று மாதவியோடு கொமுட்டர் ரயிலில் வந்தேன். ஆறு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். மூன்று ரயில்கள் வந்தன. பூனை எதுவும் வரவில்லை.

பிறகு கடையைத் தேடி நடந்தோம். எதிரே ஜவுளிக்கடை வாசலில் நின்று உங்களைப் பார்த்தேன். சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். இடது கால் ஒரு மாவு டின்னின் மேல் இருந்தது. முழங்கால் வரை துணிக்கட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பை. பலகாரப் பெட்டி மூடியை மடியில் வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் நிறுத்தி வானத்தைப் பார்த்தீர்கள். பிறகு எழுதினீர்கள். வானம் வெளுத்திருந்தது என்று எழுதினீர்கள் போலிருக்கிறது. அந்தக் கடிதம் இன்று வந்தது.

மாதவி, "போய்ப் பேசுடி" என்றாள். நான் சாலையைக் கடக்கவில்லை. கடந்தால் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்ப்பீர்கள் என்று பயமாக இருந்தது.

இத்தனை நாளும் நான் யாரோடு நடந்தேன், அத்தை?

எனக்குத் தோழி என்று யாரும் இல்லை. விரலில் குத்தியது எனக்குத்தான். நீங்களும் பொய் எழுதினீர்கள், நானும் பொய் எழுதினேன்.

இன்று நடக்கவில்லை.

தாமரை


கிள்ளான்,
9 அக்டோபர்

தாமரை கண்ணு,

சுகமான்னு கேக்க எனக்கு மொகமில்ல. ஆனாலும் கேக்கறேன்.

ஒனக்குத் தோழி இல்லைன்னு மொத கடிதத்துலயே தெரியும். ஒரு தடவையாவது அவ பேரக் கேட்டேனா, பாரு. பேரு கேட்டா நீ எழுதறத நிறுத்திடுவியோன்னு விட்டுட்டேன். அது தப்பு. அன்னிக்கே ரயிலேறி வந்து ஒன் அம்மா கதவத் தட்டியிருக்கணும். செருப்பில்லாம எறங்குன படியில ஏற முடியல.

மே மாசம் வரைக்கும் நெசமா நடந்தேன். பாகு கொட்டுனதுக்கப்புறம் புண்ணு ஆறல. மொதல்ல, அடுத்த வாரம் நடந்துடலாம், இவளுக்கு எதுக்குச் சொல்லணும்னு நெனச்சேன். அப்புறம், நான் நடக்கலைன்னு தெரிஞ்சா நீ நின்னுடுவன்னு தோணுச்சு. ஆறு மணி ஆனா, இப்ப இவ பூக்கடையத் தாண்டியிருப்பா, இப்ப கோயில் பக்கம் திரும்பியிருப்பான்னு ஸ்டூல்ல ஒக்காந்தே கூட வந்தேன். அது நடையாகாதுன்னு தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரில கட்டவெரல எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. தள்ளிப்போட்டா பாதம் போயிடுமாம். தீபாவளி முடியட்டும்னு வந்துட்டேன். கடைக்காகன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அதில்ல. ஒன் அப்பாவுக்கும் வெரல்லதான் ஆரம்பிச்சுது. அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயி படுக்க எனக்குப் பயமா இருக்கு.

ஒன்னப் பத்தி ஒன் அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடு. என்னப் பத்திச் சொல்ல வேணாம். அவளுக்கு எம்மேல இருக்கற கோவம் அப்படியே இருக்கட்டும்.

அத்தை


பிரிக்பீல்ட்ஸ்,
13 அக்டோபர்

அன்புள்ள அத்தை,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக் காலை நானே கொண்டு வந்து உங்கள் கையில் கொடுப்பேன். நேரில் பார்த்தால் அழுகை வந்து எதையாவது விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மா இன்று பாயசத்தோடு வந்தார். "எனக்கு வேணாம்மா, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு" என்றேன். எத்தனை மாதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம். பையைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருகிட்ட சொன்ன?"

"அத்தைகிட்ட."

அறைவார் என்று நினைத்தேன். "எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி பயம்?" என்றார். "நீங்க அழுவீங்கன்னுதான்" என்றேன். அழுதார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்.

அம்மா, "எந்தக் கால்?" என்று கேட்டார். இடது என்றேன். எழுந்து போய் பாயசத்தைச் சிங்க்கில் ஊற்றினார். சிக்கிய முந்திரியை விரலால் எடுத்துக்கொண்டே, திரும்பாமல், "காலையில ஒன்ன கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேருந்து நேரா கிள்ளான். அண்ணிய இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார்.

இப்போது செருப்பு அடுக்கின் அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தன் பையில் வைக்கிறார். பிரித்துப் பார்க்கவில்லை. அளவைப் பார்த்தால் உங்களுடையதுதான்.

நான் இந்தக் கடிதத்தை மறைக்காமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாமரை


கிள்ளான், ஆஸ்பத்திரி வார்டு,
2 நவம்பர்

தாமரை கண்ணு,

இப்ப ஒன் போன்ல என் நம்பர் இருக்குன்னு தெரியும். இருந்தாலும் கை பழகிடுச்சு. ஒனக்குத் தெனமும் ஊசி போடணும்னு அழுதியாமே. அழுதுட்டுப் போட்டுக்க. வாயக் கட்டறதையும் நடக்கறதையும் விட்டுடாத. மூணும் சேந்தாத்தான் சக்கர அடங்கும்னு ஒன் டாக்டர் சொன்னாராம், ஒன் அம்மா சொன்னா.

எனக்கு ஒரு வெரலோட போச்சு. தீபாவளி வரைக்கும் இருந்திருந்தா பாதம் போயிருக்கும்னு டாக்டர் திட்டுனாரு. கடைய வீரம்மா பாத்துக்கிட்டா. அவ புடிச்ச லட்ட வச்சு சுவத்துல ஆணி அடிக்கலாமாம்.

ஒன் அம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சாப்பாடு கொண்டு வர்றா. பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி மீன். எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. "சாப்புடுங்க அண்ணி." "வரேன் அண்ணி." நேத்து போறப்ப கட்டப் பாத்துட்டு நின்னா. "வலிக்குதா?"ன்னு கேட்டா. கொஞ்சம் வலிக்குதுன்னேன். "வலிக்கட்டும், நல்லது"ன்னா. சொல்லிட்டு சன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டா. ரொம்ப நேரம் திரும்பவே இல்ல.

இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, வலது காலுல மட்டும் பழைய செருப்ப மாட்டிக்கிட்டு, மிஸ்ஸி கையப் புடிச்சிக்கிட்டு, கட்டில்லேருந்து சன்னல் வரைக்கும் நடந்தேன். அங்கேருந்து ஸ்டேஷன் தெரியாது. பூன இல்ல. வானம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கல, கீழ தரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள வேத்துடுச்சு.

இது நெசம். வேணும்னா மிஸ்ஸியக் கேளு.

நீ எது வரைக்கும் போன?

அத்தை